பேரிளம்பெண்ணுக்குப் பிறகு: காமிக்ஸ் வரைந்த பெண்களின் வயதுக் கணக்கு

2024 ஜனவரியில் காமிக்ஸ் உலகிலிருந்து அடுத்தடுத்து மூன்று செய்திகள் வந்தன. அமெரிக்க ஓவியர் ரமோனா ஃப்ராடன் இனிப் படம் வரைந்து தர ஆர்டர் எடுக்கப்போவதில்லை, ஓய்வு பெறுகிறார் என்று அவருடைய முகவர் அறிவித்தார். அப்போது ரமோனாவுக்கு வயது 97. அதே மாத இறுதியில் பிரான்சின் அங்குலேம் நகரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவின் பெரும் பரிசு போஸி சிம்மண்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்குப் போனது. அவருக்கு 78. அந்தத் திருவிழாவிலேயே ஜப்பானிய மங்கா ஓவியர் மோட்டோ ஹாகியோவின் படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சி வைத்துக் கௌரவித்தார்கள். அவருக்கு 74.

மூன்று செய்திகளையும் எழுதியவர்கள் வயதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்கள். குறிப்பாக ரமோனா விஷயத்தில், “இந்த வயதிலுமா!” என்கிற வியப்பு எல்லா இடத்திலும் இருந்தது. எனக்கு அந்த வியப்பு பிடிக்கவில்லை. வியப்பது சுலபம். எழுபது ஆண்டுக்கும் மேலாக ஒரு பெண் பென்சிலைக் கீழே வைக்காமல் இருந்தார் என்றால், அவர் ஏன் வைக்கவில்லை, வைக்க முடிந்ததா, வைத்தால் சாப்பாட்டுக்கு என்ன வழி என்றெல்லாம் கேட்க வேண்டியிருக்கிறது. காமிக்ஸ் தொழிலில் படைப்பாளியின் வயது ஒரு பொருட்டா என்ற கேள்வியை இந்தப் பக்கத்திலிருந்துதான் நான் பார்க்க விரும்புகிறேன்.

தமிழில் காமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ஓவியரின் பெயரே தெரியாது, வயது எங்கிருந்து தெரியப்போகிறது? முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்தோம். லயன் காமிக்ஸில் மாடஸ்டியைப் படித்தோம். வரைந்தது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் பெண் எழுத்து பற்றிப் பேசும்போது நான் சில சமயம் காமிக்ஸ் பக்கங்களைக் கொண்டுபோவதுண்டு. “இதைப் பொண்ணா மேம் வரைஞ்சாங்க?” என்பதுதான் மாணவிகளின் முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி, “அப்ப அவங்களுக்கு என்ன வயசு?” அந்த இரண்டாவது கேள்வி வெறும் ஆர்வமில்லை. இருபது வயதுப் பெண், தனக்கு இன்னும் எத்தனை வருடம் மிச்சம் இருக்கிறது என்று கேட்கிறாள்.

ரமோனா 1926இல் சிகாகோவில் பிறந்தவர். அப்பா விளம்பரங்களுக்கு எழுத்து வரையும் தொழிலில் இருந்தார். நியூயார்க்கில் ஓவியம் படித்தார். கணவர் டேனா ஃப்ராடன் நியூயார்க்கர் இதழில் கேலிச்சித்திரம் போட்டவர். வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டது. மாதிரிப் பக்கங்கள் வரைந்து எடுத்துக்கொண்டு காமிக்ஸ் நிறுவனங்களின் கதவைத் தட்டினார். 1951இல், 25 வயதுக்குள், டிசி நிறுவனத்தில் அக்வாமேன் கதைகளை வரையத் தொடங்கிவிட்டார். கடலடியில் மீன்களோடு பேசும் நாயகன். அந்தத் தொடரை ஏறக்குறைய பத்தாண்டு வரைந்தார். பின்னாளில் அக்வாமேனுக்குத் துணையாக வந்த அக்வாலேட் என்ற சிறுவனுக்கு 1960இல் உருவம் கொடுத்தவரும் அவரே.

பக்கத்தில் அவர் பெயர் இருக்காது. அந்தக் காலத்தில் டிசியின் துணைக்கதைகளுக்கு ஓவியர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. ஆணுக்கும் கிடையாதுதான். வரைந்த மூலப் பக்கம் நிறுவனத்துக்குச் சொந்தம். கதாபாத்திரம் நிறுவனத்துக்குச் சொந்தம். வரைந்தவருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு கூலி, அதோடு கணக்கு முடிந்தது. நம்மூரில் தீப்பெட்டி ஒட்டுபவர்களுக்கும் பீடி சுற்றுபவர்களுக்கும் எண்ணிக்கைக்குக் கூலி கொடுப்பதில்லையா, அதே கணக்கு. இந்தக் கூலி முறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயது என்ற விஷயம் இதற்குள்தான் ஒளிந்திருக்கிறது.

1964 கடைசியில் கதாசிரியர் பாப் ஹேனியோடு சேர்ந்து மெட்டமார்ஃபோ என்ற விசித்திர நாயகனை ரமோனா படைத்தார். உடம்பை எந்த வேதிப்பொருளாகவும் மாற்றிக்கொள்ளக்கூடியவன், பார்க்க அவலட்சணமானவன். உருண்டு திரண்ட தசைகளை வரைவதில் ரமோனாவுக்கு ஒருபோதும் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. வளைந்து நெளியும், உருகி ஓடும், கொஞ்சம் அசடு வழியும் உடம்புகளைத்தான் அவர் கை தேடிப் போனது. மெட்டமார்ஃபோவில் அந்தக் கைக்கேற்ற உடம்பு கிடைத்தது. நான் பார்த்தவரையில் அவருடைய ஆகச் சிறந்த பக்கங்கள் இவை. சில இதழ்கள் வரைந்தார். மகளை வளர்க்க வேண்டுமென்று 1965இல் வேலையை விட்டார்.

அந்த நாயகனைப் படைத்தபோது அவருக்கு 38.

இந்த 38 என்ற எண்ணை இன்னொருவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1961இல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் முதல் இதழ் வந்தபோது ஸ்டான் லீக்கும் 38தான். இருபது வருடம் இந்தத் தொழிலில் உழன்று சலித்துப்போய் விட்டுவிடலாமா என்று யோசித்த நேரத்தில், மனைவி ஜோன் உனக்குப் பிடித்த மாதிரி ஒன்றை எழுதிப் பாரேன் என்று சொன்னதாக அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கூட நின்று வரைந்த ஜாக் கிர்பிக்கு அப்போது 44 ஆகப்போகிறது. அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸின் பொற்காலம் போல இன்று பேசப்படுவதெல்லாம் நடுவயது ஆண்கள் செய்த வேலை. 38 வயது ஓர் ஆணுக்குத் தொடக்கமாக இருந்தது. அதே 38இல் அந்தப் பெண் மேசையை ஒழித்து வைத்தார். கையில் எந்தக் குறையும் இல்லை. ஜோன் லீ வீட்டில் இருந்தார். ரமோனாவுக்கு வீட்டில் இன்னொரு ஜோன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏழெட்டு ஆண்டு கழித்து 1970களின் தொடக்கத்தில் அவர் திரும்பி வந்தார். இப்போது வயது 46. முதலில் மார்வெல் நிறுவனத்துக்குப் போனார். அங்கே வேலைமுறை வேறு. கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார்கள். எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், எந்தக் காட்சி எங்கே என்பதை ஓவியரே முடிவுசெய்ய வேண்டும், வசனம் பிறகு வரும். முழு வசனப் பிரதியைப் பார்த்து வரைந்து பழகியவருக்கு அது ஒத்துவரவில்லை. மகப்பேறுக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, வேலைக்குத் திரும்பிய யாருக்கும் இது புரியும். நாம் இல்லாத நேரத்தில் அலுவலகத்தில் மென்பொருளை மாற்றியிருப்பார்கள், கோப்பு முறையை மாற்றியிருப்பார்கள். நமக்கு வயதாகிவிட்டது என்று சொல்வார்கள். உண்மையில் நாம் போய்விட்டு வந்திருக்கிறோம், அவ்வளவே. நிறுவனங்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்பிக்கொள்கின்றன.

ரமோனா டிசிக்கே திரும்பினார். பிளாஸ்டிக் மேன் வரைந்தார். 50 வயதில் சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் என்ற குழந்தைகள் இதழை எடுத்துக்கொண்டார். 1980இல் ப்ரெண்டா ஸ்டார் என்ற நாளிதழ்த் தொடரின் ஓவியப் பொறுப்பு வந்தது. நாளிதழ்த் தொடர் என்றால் வாரத்தில் ஆறு நாள் கறுப்பு வெள்ளைப் பட்டை, ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம். காய்ச்சல், கல்யாணம், இழவு எதற்கும் விடுப்பில்லை. இதை 54 வயதிலிருந்து 69 வயதுவரை செய்தார். வயதானால் கை ஓடுமா என்று யாராவது கேட்டால், அந்தப் பதினைந்து வருடத்துப் பக்கங்களை எடுத்துப் போட்டால் போதும். நான் மேற்கொண்டு வாதாட மாட்டேன்.

ஒரு கசப்பான விவரம் மட்டும் உண்டு. டிசி தன் படைப்பாளிகளுக்கு விற்பனையில் ராயல்டி கொடுக்கத் தொடங்கியது 1981இல். ரமோனா வேறு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

ப்ரெண்டா ஸ்டாரை அவருக்கு முன் நாற்பதாண்டு வரைந்தவர் டேல் மெஸ்ஸிக். இவர் கதை தனி. பிறந்தது 1906, வைத்த பெயர் டாலியா. பெண் பெயரைப் பார்த்தால் ஆசிரியர்கள் படத்தையே பார்ப்பதில்லை என்று ஆணா பெண்ணா எனத் தெரியாத டேல் என்ற பெயரை வைத்துக்கொண்டார். செந்நிறக் கூந்தல் கொண்ட பெண் நிருபர் ப்ரெண்டா 1940 ஜூனில் ஞாயிறு இணைப்பில் தோன்றினாள். தொடரை விநியோகித்த நிறுவனத்தின் தலைவர் ஜோசஃப் பாட்டர்சன் நியூயார்க்கின் டெய்லி நியூஸுக்கும் அதிபர். பெண் ஓவியர் மீது நம்பிக்கை இல்லாத அவர் தன் சொந்தப் பத்திரிகையில் அதைப் போடவில்லை. அவருடைய உதவியாளராக இருந்த மாலி ஸ்லாட் என்ற பெண்தான் டேலின் படங்களுக்குப் பரிந்து பேசியவர். பாட்டர்சன் 1946இல் இறந்தார். அதற்குப் பிறகே ப்ரெண்டா டெய்லி நியூஸுக்குள் நுழைந்தாள்.

ப்ரெண்டாவுக்கு வயதாகவே இல்லை. 1940இல் இருந்த அதே இடுப்பு, அதே இமைகளோடு 1976இல் திருமணம் செய்துகொண்டாள். அமெரிக்க அதிபர் ஜெரால்ட் ஃபோர்ட் வாழ்த்துத் தந்தி அனுப்பினார். வரைந்த டேலுக்கு அப்போது 70. தன் நாயகியை முதுமையடைய விடாமல் காத்த பெண்ணுக்கு முதுமையில் என்ன மிஞ்சியது? தொடரின் உரிமை விநியோக நிறுவனத்திடம் இருந்தது. 1980இல் அவர் ஓய்வு பெற்றதும் வேறு கைகள் தொடர்ந்தன. எல்லாமே பெண் கைகள் என்பது ஆறுதல். 2011 ஜனவரிவரை தொடர் ஓடியது. டேல் கலிஃபோர்னியாவில் தான் வசித்த பகுதியின் சிறு பத்திரிகைக்கு கிரானி கிளாமர் என்று ஒரு கட்டப் படம் வரைந்துகொண்டிருந்தார். ஒப்பனை செய்துகொள்ளும் ஒரு பாட்டியம்மா. பக்கவாதம் வந்து நிற்கும்வரை, ஏறக்குறைய 92 வயதுவரை அதை வரைந்தார். ப்ரெண்டாவை வாங்கிய பத்திரிகைகள் எதுவும் அந்தப் பாட்டியை வாங்கவில்லை.

இங்கே ஆண்களின் வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கணக்கு தப்பாகிவிடும். சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938இல் அந்தக் கதாபாத்திரத்தின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தபோது இருவருக்கும் 23 வயது. 1975இல், அறுபது தாண்டி, ஷுஸ்டருக்குக் கண்பார்வை மங்கிப்போன நிலையில், பத்திரிகைகளில் செய்தி வந்து அவமானமான பிறகு, ஆளுக்கு வருடம் 20,000 டாலர் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. 1960களின் இறுதியில் டிசியில் நெடுங்காலம் எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸ், ஆர்னால்ட் ட்ரேக், ஆட்டோ பைண்டர் முதலானோர் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கேட்டார்கள். மெல்ல மெல்ல அவர்களுக்கு வேலை குறைந்தது. அந்த இடங்களில் காமிக்ஸ் ரசிகர்களாக வளர்ந்த இளைஞர்கள் வந்தார்கள். இளைய வாசகர்களுக்கு இளைய எழுத்தாளர்கள் வேண்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஓய்வூதியம் கேட்கும் வயது வராதவர்கள் என்ற வசதியும் அந்த இளைஞர்களிடம் இருந்தது. அவர்களில் திறமைசாலிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வயதைக் காரணமாகச் சொல்லும்போது நிறுவனம் எதை மிச்சம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, இளமையில் உரிமையை மலிவாக எழுதி வாங்குவதும் முதுமையில் வெளியே அனுப்புவதும் ஆணுக்கும் நடந்தது. பெண்ணுக்கு இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் கூடுதலாக இருந்தது. சிலருக்குப் போரும் சேர்ந்து அந்தப் பள்ளத்தைத் தோண்டியது. இரண்டாம் உலகப்போரில் ஆண் ஓவியர்கள் படைக்குப் போனதும் ஃபிக்‌ஷன் ஹவுஸ் என்ற நிறுவனம் பல பெண்களை வேலைக்கு எடுத்தது. வியன்னாவில் பிறந்த யூதப் பெண் லில்லி ரெனே அவர்களில் ஒருவர். நாஜிகளிடமிருந்து தப்பி, குழந்தைகளை ஏற்றிச்சென்ற ரயிலில் இங்கிலாந்து போய், அங்கிருந்து 1940இல் நியூயார்க் சேர்ந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் நாஜிகளை முறியடிக்கும் பெண் உளவாளியை வரைந்தார். போர் முடிந்தது, ஆண்கள் திரும்பினார்கள், பெண்களின் எண்ணிக்கை தேய்ந்தது. 1940கள் முடியும்போது லில்லி காமிக்ஸில் இல்லை. எண்பதைத் தாண்டிய பிறகுதான் அவர் யார் என்று உலகம் கண்டுகொண்டது. அவரைத் தேடி, அவருடைய வாழ்க்கையைப் படக்கதையாகவே எழுதி 2011இல் வெளியிட்டவர் ட்ரினா ராபின்ஸ். 1970இல் பெண்கள் மட்டும் சேர்ந்து போட்ட முதல் அமெரிக்க காமிக்ஸ் இதழை முன்னின்று கொண்டுவந்தவர் அவர். பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியைத் தனக்கு முந்தைய பெண்களின் பெயர்களைத் தோண்டியெடுப்பதில் செலவிட்டார். ட்ரினா 2024 ஏப்ரலில் 85 வயதில் இறந்தார். லில்லி 101 வயதுவரை இருந்தார். தான் மறக்கப்பட்டதையும் பிறகு நினைக்கப்பட்டதையும் பார்க்க ஒரு பெண் நூறு வயது வாழ வேண்டியிருக்கிறது.

இந்தப் பள்ளத்தைத்தான் 2016இல் அங்குலேம் திருவிழா தன் வாதமாகவே ஆக்கிக்கொண்டது. அந்த ஆண்டு பெரும் பரிசுக்கு 30 பெயர்களை முன்மொழிந்தார்கள். முப்பதும் ஆண்கள். பெண் ஓவியர்கள் புறக்கணிக்க அழைத்தார்கள். பட்டியலில் இருந்த ஆண்களில் ரியாத் சத்தூஃப், டேனியல் க்ளோவ்ஸ் உட்படப் பலர் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். திருவிழா நிர்வாகம் சொன்ன பதில் எனக்கு இந்தக் கட்டுரைக்கான முழுக் கேள்வியையும் கொடுத்தது. இது வாழ்நாள் படைப்புக்கான பரிசு, ஒரு வயதும் முதிர்ச்சியும் எய்தியவர்களுக்குக் கொடுப்பது, காமிக்ஸ் வரலாற்றில் அப்படிப்பட்ட பெண்கள் குறைவு, வரலாற்றை நாங்கள் மாற்றி எழுத முடியுமா என்பது அந்தப் பதிலின் சாரம்.

எவ்வளவு வசதியான பதில்! முப்பதுகளில் இடம் கொடுக்காமல் இருந்துவிட்டு, எழுபதில் வந்து உன்னிடம் நாற்பது வருட வேலை எங்கே என்று கேட்பது. அதோடு அந்தப் பதில் உண்மையும் இல்லை. அப்போது போஸி சிம்மண்ட்ஸுக்கு 70 வயது, கார்டியன் நாளிதழில் 1977இலேயே தொடர் தொடங்கியவர். ஜப்பானில் ருமிகோ தகஹாஷி 1978 முதல் எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். மோட்டோ ஹாகியோ 1969இல் வந்தவர். வயது, முதிர்ச்சி, எண்ணிக்கை எல்லாம் இருந்தன, பார்ப்பதற்குத்தான் யாருமில்லை. 2016க்கு முன்பு அந்தப் பெரும் பரிசை வாங்கிய ஒரே பெண் ஃப்ளோரன்ஸ் செஸ்டாக், 2000ஆம் ஆண்டில். பெண்களின் வாழ்க்கையைக் கேலியும் கூர்மையுமாக வரைந்த க்ளேர் ப்ரெதெஷேருக்கு 1983இல் பத்தாம் ஆண்டுச் சிறப்புப் பரிசு என்று ஒன்றைக் கொடுத்துத் தனியே உட்காரவைத்திருந்தார்கள். சண்டை போட்ட பிறகு தகஹாஷி 2019இலும் ஜூலி தூசே 2022இலும் சிம்மண்ட்ஸ் 2024இலும் வந்தார்கள். வரலாறு எட்டே வருடத்தில் மாற்றி எழுதப்பட்டது.

ஜப்பானுக்கு வருவோம். அங்கே வயது வேறுவிதமாக வேலை செய்திருக்கிறது. 1950களில், 60களின் தொடக்கத்தில் சிறுமிகளுக்கான ஷோஜோ மங்காவைப் பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்தார்கள். பிறகு பத்திரிகைகள் போட்டிகள் வைத்து வாசகிகளிடமிருந்தே ஓவியர்களைப் பிடிக்க ஆரம்பித்தன. மச்சிகோ சதோனாகா 1964இல் கோடான்ஷா நிறுவனத்தின் முதல் புதுமுகப் பரிசை வென்றபோது 16 வயதுப் பள்ளி மாணவி. இங்கே இளமை ஒரு தகுதி. படிப்பவளும் வரைபவளும் ஒரே வயது.

அடுத்து வந்த ஒரு தலைமுறைக்கு விமர்சகர்கள் இட்ட பெயரே ஒரு பிறந்த தேதி: ‘24ஆம் ஆண்டுக் குழு’. ஜப்பானியப் பேரரசரின் ஷோவா ஆண்டுக் கணக்கில் 24 என்றால் 1949. ஹாகியோ 1949இல் பிறந்தவர். ஆனால் ரியோகோ இகேதாவும் யுமிகோ ஓஷிமாவும் 1947, கெய்கோ தகேமியா 1950. ஏறக்குறைய அந்த வயதுப் பெண்கள் என்பதற்காக எல்லாரையும் ஒரே ஆண்டில் அடைத்துவிட்டார்கள். ஆண் ஓவியர் எவருக்கும் பிறந்த ஆண்டால் குழுப்பெயர் இட்டதாக நான் அறியேன்.

தமிழ் படித்த எனக்கு இது புதிதல்ல. உலா இலக்கியத்தில் அரசன் வீதிவலம் வரும்போது பார்த்து மயங்கும் பெண்களை வயதுப்படி ஏழாகப் பிரிப்பார்கள்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கடைசிப் பருவத்தின் எல்லை 40 வயது. அதற்குமேல் பெண்ணுக்குப் பெயரே இல்லை. பாட்டியல் நூல்கள் ஆணுக்கும் பருவம் வகுத்தன. ஆனால் அந்த வரிசையில் முதுமகன் என்று ஒரு சொல் இருக்கிறது. எனக்கு 40 ஆனபோது தோழிகளிடம், இலக்கணப்படி நான் இப்போது பெயரற்றவள் என்று சொல்லிச் சிரித்தேன். இளம் எழுத்தாளர் விருதுகளின் வயது வரம்பும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் முடிகிறது. பிள்ளை பெற்று, வளர்த்து, முதல் தொகுப்பை 41 வயதில் கொண்டுவரும் பெண் அந்த விருதுக்கு மூத்தவள்; வாழ்நாள் விருதுக்கு இளையவள்.

ஜப்பானின் அந்தப் பெண்கள் பேரிளம்பெண்ணோடு நிற்கவில்லை. இகேதா தி ரோஸ் ஆஃப் வெர்சாய் தொடரை எழுதத் தொடங்கியது 24 வயதில். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ஆணாக வளர்க்கப்பட்ட பெண் தளபதியின் கதை, ஜப்பானையே ஆட்டிவைத்தது. அவர் 47 வயதில் டோக்கியோ இசைக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து பாட்டுப் படித்தார். தகேமியா 2000இல் கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தில் மங்கா பேராசிரியராகி, 2014இல் அதன் தலைவரானார். ஹாகியோ ‘போவின் குலம்’ என்ற ரத்தக்காட்டேரிக் கதையை 1972இல், 22 வயதில் தொடங்கி 1976இல் முடித்திருந்தார். நாற்பது ஆண்டு கழித்து 2016இல், 67 வயதில், அதே கதைக்குத் திரும்பினார். வெளிவந்த இதழ் விற்றுத் தீர்ந்து மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. அந்தக் கதையின் நாயகன் எட்கர் என்றென்றும் 14 வயதுச் சிறுவன். அவனால் வளர முடியாது. இரண்டு காலத்துப் பக்கங்களையும் அருகருகே வைத்தால் அவன் முகம் மாறியிருக்கிறது. கோடு கனத்திருக்கிறது, பூவும் காற்றுமாகப் பறந்துகொண்டிருந்த பக்கம் கொஞ்சம் தரையில் இறங்கியிருக்கிறது. வயது கையில் தெரியாது என்று சாதிக்க எனக்கு விருப்பமில்லை. தெரியும். சாகாத சிறுவனைப் பற்றி 22 வயதில் எழுதுவதும், கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கிய 67 வயதில் எழுதுவதும் எப்படி ஒன்றாக இருக்கும்? எனக்கு இரண்டாவது அதிகம் பிடித்திருக்கிறது.

இவர்களால் எப்படி முடிந்தது? ஜப்பானியப் பெண்களின் நிலை அமெரிக்காவைவிட மேலானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஹாகியோவின் பெற்றோரே அவர் மங்கா வரைவதை நெடுங்காலம் ஏற்கவில்லை. ஆனால் அங்கே கதாபாத்திரத்தின் உரிமை பொதுவாக வரைந்தவரிடம் இருக்கிறது. பத்திரிகையில் வந்த தொடர் புத்தகமாகும்போது ராயல்டி வருகிறது. ஒரு வருடம் வரையாமல் இருந்தாலும் பழைய புத்தகம் சோறு போடும். இன்னொன்று, வாசகிகள் வளர்ந்தபோது பதிப்பகங்கள் அவர்களைத் துரத்திக்கொண்டு போயின. 1980இல் கோடான்ஷா பீ லவ் என்ற இதழைத் தொடங்கியது. மணமான, வேலைக்குப் போகும் பெண்களுக்கான மங்கா. சிறுமிகளுக்கு வரைந்தவர்கள் தங்கள் வாசகிகளோடு சேர்ந்து நாற்பதுக்கு நடந்து போக ஒரு பாலம் கிடைத்தது.

இந்த உரிமை விஷயத்தை எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர் மச்சிகோ ஹசேகாவா. 1920இல் பிறந்து, 15 வயதில் முதல் படம் அச்சேறி, 1946இல் ஒரு மாலைப் பத்திரிகையில் சசாயே-சான் தொடரைத் தொடங்கினார். போருக்குப் பிந்தைய ஒரு சாதாரணக் குடும்பம், அதில் வாய்த்துடுக்கான ஒரு மூத்த மகள். அதே ஆண்டு அக்காவோடு சேர்ந்து சொந்தமாகப் பதிப்பகம் தொடங்கித் தன் புத்தகங்களைத் தானே போட்டுக்கொண்டார். பதிப்பகத்தின் பெயரே ‘ஷிமாய்ஷா’, அக்காதங்கை நிறுவனம் என்று பொருள். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1974இல், 54 வயதில், போதும் என்று தோன்றியபோது தொடரை நிறுத்தினார். அவர் விரும்பி நிறுத்தினார். நிறுத்திய பிறகு யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தார். ரமோனா 97 வயதில் ஓய்வு பெற்றதையும் ஹசேகாவா 54இல் ஓய்வு பெற்றதையும் ஒருசேர நினைக்கும்போது, அந்த “இந்த வயதிலுமா!” எனக்கு ஏன் உறுத்தியது என்று விளங்குகிறது. ரமோனா வரைவதை நேசித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் இஷ்டம் எங்கே முடிந்து தேவை எங்கே தொடங்கியது என்று வெளியிலிருந்து பார்க்கும் யாரும் சொல்லிவிட முடியாது.

நாற்பதுக்குமேல் தொடங்கியவர்களும் உண்டு. சிகாகோவின் எமில் ஃபெரிஸ் 40 வயதில் கொசுக்கடியால் வந்த வெஸ்ட் நைல் காய்ச்சலில் முடங்கினார். வரையும் கை செயலிழந்தது. பேனாவைக் கையில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டு மறுபடி பழகி, கலைக்கல்லூரியில் சேர்ந்து படித்து, அவர் முடித்த பெரிய படைப்பை 48 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மை ஃபேவரிட் திங் இஸ் மான்ஸ்டர்ஸ் 2017இல் வந்தபோது அவருக்கு 55. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கோடுபோட்ட நோட்டில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்ததுபோல் இருக்கும் புத்தகம் அது. சிம்மண்ட்ஸ் 73 வயதில் வெளியிட்ட கசாண்ட்ரா டார்க்கின் நாயகி 71 வயதுக்காரி. லண்டனில் ஓவியம் விற்பவள், குண்டு, சிடுசிடுப்பு, மோசடியும் செய்தவள். யாருக்கும் பாட்டியாக இருக்க மறுப்பவள். முப்பது வயதில் எவரும் இவளை இவ்வளவு இரக்கமின்றி, இவ்வளவு நெருக்கமாக வரைந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

ரமோனாவின் கடைசிக் காலத்துக்குத் திரும்பினால், 2007இல் 80 வயதில் ஃபாவுஸ்ட் கதையின் மறைபொருள் பற்றி ஆராய்ச்சி நூல் ஒன்று எழுதி வெளியிட்டார். விழாக்களில் மேசை போட்டு உட்கார்ந்து, ரசிகர்கள் கேட்டபடி அக்வாமேனையும் மெட்டமார்ஃபோவையும் மறுபடி மறுபடி வரைந்து கொடுத்தார். இந்த முறை படத்துக்கான காசு நேரே அவர் கைக்கு வந்தது. எண்பதுகளில் ஸ்பாஞ்ச்பாப் காமிக்ஸுக்கும் வரைந்தார். ஸ்பாஞ்ச்பாப் கார்ட்டூனில் மெர்மெய்ட் மேன் என்று ஒரு கிழட்டு சூப்பர்ஹீரோ உண்டு. அக்வாமேனைக் கிண்டல் செய்யப் படைத்த பாத்திரம். முதியோர் இல்லத்தில் இருப்பார், ஞாபகமறதி, தொப்பை. கூடவே அக்வாலேடைப் போல ஒரு துணையாள், பார்னகிள் பாய். தனக்கும் வயதாகிவிட்டது, இன்னமும் ஏன் பாய் என்று கூப்பிடுகிறீர்கள் என்பது அந்தக் கிழவரின் நிரந்தரப் புகார். 25 வயதில் அக்வாமேனைப் பெயரில்லாமல் வரைந்த அதே கைதான் இந்த இருவரையும் வரைந்தது. இதழில் ஓவியர் பெயர் அச்சாகியிருந்தது: ரமோனா ஃப்ராடன்.